அப்பா போட்ட லைவ்

ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே அப்பா எங்கள் கிணற்று மோட்டாரைப் போட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளிக்கு வந்துகொண்டிருந்தோம். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். மூன்று ஃபேஸ் கரண்டு வந்துவிட்டது என்று யாரோ போனில் பேசுவது காதில் விழுந்ததும், அப்பா ஒரு கையால் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால், மோட்டார் ஸ்டார்ட்டரில் போட்டிருந்த சிம்மின் நம்பரை அழுத்திப் போனை என் காதில் வைத்தார். மோட்டார் ஓடுகிறது என்று ஒரு பெண் குரல் சொன்னது. "யாருப்பா அந்த அக்கா? நம்ம கெணத்தாண்ட ஒக்காந்துட்டு இருக்காங்களா?" என்று கேட்டேன். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் மட்டும் நம்பவில்லை. அவரை நம்பவைப்பதற்காக அப்பா மோட்டாரை நிறுத்தினார், போட்டார், மறுபடி நிறுத்தி மறுபடி போட்டார். தோட்டத்துக்கு வந்து பார்த்தால் ஃபியூஸ் போயிருந்தது. தக்காளிச் செடிகள் அன்றைக்குத் தண்ணீர் இல்லாமல் கிடந்தன. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்பா சொட்டுநீர்க் குழாய்களும் அதற்கான சாமான்களும் விற்கிற கடை வைத்திருந்தார். படித்தது பத்தாவது வரைதான். ஆனால் ஊரில் யாருக்குப் போனில் சந்தேகம் வந்தாலும் எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். படம் நிறைந்து போனில் இடமில்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது, பேத்தி பேசினால் எதிரொலிக்கிறது என்று தினமும் ஏதாவது ஒரு பஞ்சாயத்து வரும். வந்தவரை உட்காரவைத்து, டீ சொல்லி, வியாபாரத்தை விட்டுவிட்டு அதைத்தான் பார்ப்பார். மாட்டுக்கொட்டாயில் கேமரா வைத்த முதல் ஆள் எங்கள் பக்கத்தில் அவர்தான். கடையில் உட்கார்ந்தபடி பசு அசைபோடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "மாடு என்னா சினிமாவுலயா நடிக்குது, இப்படிப் பாக்கறீங்க?" என்பாள் அம்மா. அவர் கோபப்பட மாட்டார். அவருடைய கோபம் எல்லாம் டவர் கிடைக்காதபோது மட்டும்தான். "டெக்னாலஜின்னா என்னா தெரியுமா பாப்பா? நாம இல்லாத எடத்துலயும் நம்ம கை இருக்கறது" என்று ஒருமுறை சொன்னார். அந்த வயதில் அது எனக்குப் பெரிய வார்த்தையாகத் தோன்றியது.

சொந்தக்காரர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு குரூப் ஆரம்பித்ததும் அவர்தான். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர்கள், துபாயில் இருந்த அத்தை மகன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த சித்தி என்று பிரிந்து கிடந்தவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். காலையில் அப்பா தோட்டத்தைப் படம் பிடித்துப் போடுவார். மழை பெய்தால் மழையைப் போடுவார். எனக்குப் பல் விழுந்தது, நான் சைக்கிள் ஓட்டியது, பள்ளியில் பரிசு வாங்கியது, அம்மை போட்டுக் கிடந்தது எல்லாம் அதில் வந்திருக்கிறது. யாராவது ஒருவர் கைகூப்பும் பொம்மை போட்டால் அவர் முகம் மலர்ந்துவிடும். இன்டர்நெட் என்பது அவருக்கு எங்கள் தெருவேதான், கொஞ்சம் நீளமான தெரு. இந்தக் கோடியில் இருப்பவனுக்கு அந்தக் கோடியில் இருப்பவனைத் தெரியும், யார் வீட்டுப் பெண் என்று தெரியும், அதனால் யாரும் தப்பாக எதுவும் செய்துவிட மாட்டார்கள் என்று முழு மனதோடு நம்பினார்.

நான் எட்டாவது படிக்கும்போது பெரிய மனுஷியானேன். எங்கள் பக்கத்தில் அது ஊரைக் கூட்டிச் செய்கிற விசேஷம். தாய்மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்டி, தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவந்து, மாலை போட்டு மணையில் உட்காரவைக்க வேண்டும். முச்சந்தியில் என் முகத்தைப் போட்டு ஃப்ளெக்ஸ் வைப்பார்கள். அதெல்லாம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். எங்கள் வீட்டில் அப்பா அதோடு நிற்கவில்லை. வர முடியாதவர்கள் பார்க்கட்டும் என்று லைவுக்கு ஏற்பாடு செய்தார். தர்மபுரியிலிருந்து பறக்கும் கேமராவையும் வரவழைத்தார். லைவுக்குக் கீழே ஏதாவது எழுத வேண்டும் என்று கேமராக்காரர் சொன்னபோது, அப்பா யோசிக்கவே இல்லை. அழைப்பிதழில் இருந்ததை அப்படியே எடுத்துப் போட்டார். என் பெயர், நான் படிக்கிற வகுப்பு, பள்ளியின் பெயர், எங்கள் ஊர், எந்த பஸ் நிறுத்தத்தில் இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், வழி தெரியாவிட்டால் கூப்பிட அவருடைய நம்பர். "பத்திரிகைன்னா முழுசா இருக்கணும். பாதி போட்டா மரியாதை இல்லை" என்றார். யாரெல்லாம் பார்க்கலாம் என்று அதில் கேட்டபோது எல்லாரும் என்பதை அழுத்தினார். விசேஷத்துக்கு எல்லாரையும் கூப்பிடுவதுதானே முறை.

அன்றைக்கு நல்ல வெயில். பட்டுப்புடவையின் கனம், தலையில் சடைநாகம், கழுத்தில் மாலைக்கு மேல் மாலை. காலையிலிருந்து சாப்பிடவிடவில்லை. வயிறு வலித்தது. அம்மாவிடம் சொல்லலாம் என்றால் அவள் பந்தியில் இருந்தாள். அந்த நேரத்தில்தான் பறக்கும் கேமரா என் முகத்துக்கு நேராக இறங்கியது. அதன் சத்தமும் காற்றும் எனக்குப் பிடிக்கவில்லை. ஓலைக் குடிசை படபடவென்று ஆடியது, சடைநாகம் ஒரு பக்கமாகச் சரிந்தது. கூட்டம் ஹோ என்று கத்தியது. மேடைக்குக் கீழே அப்பா தன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சிரி பாப்பா, மேல பாரு, மேல பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாயைப் பிளந்து, மை வழிய, "வேண்டாம்ப்பா, வேண்டாம்ப்பா" என்று அழுதேன். கேமரா இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தது. பிறகு யாரோ ஒரு பெரியம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். மாமா என் கையில் குளிர்பானம் கொடுத்தார். விசேஷம் நல்லபடியாக முடிந்தது.

முதல் வாரம் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. இத்தனை பேர் வாழ்த்துகிறார்கள் என்று அம்மாவிடம் காட்டினார். தெரியாத ஒருவன் போன் செய்து என் பெயரைச் சொல்லி விசாரித்தபோதுகூட, "வணக்கங்க, நல்லா இருக்குதுங்க பாப்பா. நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்டார். பிறகு அவன் என்ன சொன்னானோ தெரியாது. அப்பா எழுந்து மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் போய்விட்டார். திரும்பி வந்தபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. அடுத்தடுத்து அதேபோல போன்கள் வந்தன. நம்பரை மாற்றினார். வீடியோவை எடுத்துவிட்டார். "டெலீட் பண்ணிட்டேன். அவ்வளவுதான். முடிஞ்சுது" என்று எங்களிடம் சொன்னார். அதற்குள் நான் அழுத அந்தத் துண்டை மட்டும் யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள்.

இன்டர்நெட்டில் ஒருவர் எப்படி எல்லாருக்கும் சொந்தமாகிறார் என்பதை நான் உட்கார்ந்த இடத்திலிருந்து கற்றுக்கொண்டேன். எனக்கு என்ன ஆனது என்று அந்தத் துண்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. அழுகிற முகம் ஒன்று கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். திங்கட்கிழமை வந்தால் என் முகம். கணக்குப் பரீட்சை வந்தால் என் முகம். வீட்டில் மூன்றாவது நாளும் உப்புமா செய்தால் என் முகம். பின்னால் ஒரு நகைச்சுவை இசை, கீழே பெரிய எழுத்தில் "வேண்டாம்ப்பா". சில சமயம் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும்படி இருந்தது, அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது. பள்ளிக்கூடத்தில் நான் வகுப்புக்குள் நுழையும்போது கடைசி பெஞ்சிலிருந்து அந்தக் குரல் வரும். சத்துணவு வரிசையில் வரும். மற்றவர்களுடைய அண்ணன்கள் பஸ் நிறுத்தத்தில் நின்று சொல்வார்கள். டீச்சர் ஒருவர் எல்லாரையும் அதட்டிவிட்டு, தானும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். நான் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அப்பாவுக்கு அது வேறு விதமாக வலித்திருக்க வேண்டும். மற்றவர்கள் காதில் அது ஒரு வேடிக்கையான சத்தம். அவர் காதில் அது தன் மகள் தன்னிடம் சொன்ன வார்த்தை. டீக்கடையில், மண்டியில், பஸ்ஸில் யாருடைய போனிலாவது அது ஒலிக்கும்போது அவர் எழுந்து போய்விடுவார். விடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, எங்கெங்கே அந்தத் துண்டு இருக்கிறதோ அங்கெல்லாம் புகார் கொடுப்பார். ஓர் இடத்தில் எடுத்தால் வேறு பத்து இடத்தில் வரும், வயலில் பார்த்தீனியம் பிடுங்குகிற கதைதான். அப்புறம் போட்டவர்களுக்கே எழுத ஆரம்பித்தார். "தம்பி, வணக்கம். இது என் மகள். படிக்கிற பிள்ளை. தயவுசெய்து நீக்கிவிடவும். நன்றி." ஒவ்வொருவருக்கும் அதே மரியாதையோடு எழுதினார். சிலர் நீக்கினார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். ஒருவன் மட்டும் அப்பா எழுதியதைப் படம் பிடித்து, என் முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, புதிதாக ஒன்று செய்துவிட்டான். அதுவும் ஓடியது. "தம்பி, வணக்கம்" என்பதும் கொஞ்ச நாள் ஊரெல்லாம் சிரிப்பாகச் சிரித்தது.

போலீசுக்கும் போய் வந்தார். அங்கே இருந்தவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினாராம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மொதல்ல போட்டது யாருங்க?" என்று கேட்டிருக்கிறார். அப்பா நான்தான் என்றிருக்கிறார். அதோடு எழுந்துவிட்டார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அம்மா சோறு போட்டு வைத்தாள். அவரைத் திட்ட அவளுக்கு எத்தனையோ இருந்தது. பறக்கும் கேமராவெல்லாம் என்னாத்துக்கு என்று முதலிலேயே கேட்டவள் அவள்தான். ஆனாலும் அதைப் பற்றி அவள் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்தது திட்டுவதைவிட அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

சொந்தக்காரர்கள் கூடிப் பேசினார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பள்ளிக்குப் போகாமல் வீட்டில் இருந்தால் அடுத்த பேச்சு என்ன என்பது எல்லாருக்கும் தெரியும். பெரியப்பா வந்து, மாப்பிள்ளைகூடப் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். "பேசாம கட்டிக் குடுத்துரலாம்டா. நாலு பேரு வாயும் மூடிரும். வயசைப் பத்தியெல்லாம் யாரு வந்து கேக்கப் போறாங்க?" நான் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவின் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். "தப்பு செஞ்சவன் நானு. எம்பொண்ணுக்கு எதுக்குண்ணா தண்டனை? அது படிக்கும். இந்தப் பேச்சை எடுத்துட்டு இனிமே எவனும் வூட்டுக்கு வராதீங்க." பெரியப்பா அதற்குப் பிறகு வெகுநாள் வரவில்லை. அன்றைக்கு அப்பா மட்டும் தலையை ஆட்டியிருந்தால் என் வாழ்க்கை பதினான்கு வயதில் முடிந்திருக்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

மறு வாரம் அவர் எனக்கு ஒரு ஹெல்மெட் வாங்கி வந்தார், முகம் முழுக்க மூடுகிற மாதிரி, கறுப்புக் கண்ணாடி வைத்தது. "யாரும் பாக்க மாட்டாங்க. வா" என்றார். வேறு பள்ளியில் சேர்த்து, தினமும் பைக்கில் கொண்டுபோய் விட்டு அழைத்து வந்தார். கடையைப் பூட்டிவிட்டு வருவார், மழையிலும் வருவார். பன்னிரண்டாவது முடியும்வரை ஒரு நாளும் தவறியதில்லை. அந்தக் காலம் முழுவதும் நான் அவரிடம் பேசவில்லை. பைக்கில் பின்னால் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் மேல் படாமல் வருவேன். அந்தக் கோபத்தை இப்போது யாராவது குறை சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் எனக்காகப் போராடினார், உண்மை. என்னைக் கேட்காமல் என்னை ஊருக்குக் காட்டினார், அதுவும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழித்துவிட எனக்குத் தெரியவில்லை.

அவர் மாறிப்போனார். மாட்டுக்கொட்டாய்க் கேமராவைக் கழற்றினார். குரூப்பில் எதுவும் போடுவதில்லை. அதற்குப் பிறகு வீட்டில் எடுத்த என் படம் ஒன்றுகூட இல்லை. பிறந்தநாள் கிடையாது, கல்லூரியில் சேர்ந்த நாள் கிடையாது. கடைக்கு யாராவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, இவள் ஆடுகிற வீடியோவை எப்படிப் போடுவது என்று கேட்டால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். போடாதீர்கள் என்று எடுத்துச் சொல்வார். அவர்களுக்குப் புரியாது. இந்த மனுஷனுக்கு என்ன வந்தது என்று பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போவார்கள். கல்லூரிக்கு நான் கிளம்பிய அன்று பஸ் நிறுத்தத்தில், என்னைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்தபடி சொன்னார். "ஊருன்னு நெனச்சுப் போட்டுட்டேன் பாப்பா. ஊருல தெரியாதவன்னு ஒருத்தன் இருப்பான்னு எனக்குத் தோணலை." நான் ம் என்றேன். பஸ் வந்துவிட்டது.

அதற்குள் அந்த முகம் வெட்டப்பட்டு, பாதி கார்ட்டூன் மாதிரி ஆகி, ஸ்டிக்கராக மாறியிருந்தது. வீடியோவாவது ஓடி முடியும், ஸ்டிக்கருக்கு முடிவே இல்லை. ஒருநாள் எங்கள் சொந்தக்காரர் குரூப்பில், நாளைக்குக் கரண்டு இருக்காது என்று யாரோ போட்டதற்கு, திருப்பூர்ச் சித்தி அந்த ஸ்டிக்கரைப் போட்டாள். என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள். அது நான் என்று அவளுக்குத் தெரியவே இல்லை, யாரோ அனுப்பினார்கள், பிடித்திருந்தது, வைத்துக்கொண்டாள். கீழே துபாய் அத்தை மகன் சிரித்திருந்தான். கொஞ்ச நேரத்தில் அப்பா அதை நீக்கினார். ஏன் நீக்கினாய் என்று யாரும் கேட்கவில்லை. இப்போது நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். சனிக்கிழமையும் வர வேண்டும் என்று மேலாளர் சொன்னால் எங்கள் குழுவில் அந்த முகம் வந்து விழும். போடுகிறவள் என் பக்கத்து நாற்காலியில் இருக்கிறாள், தினமும் என்னோடு சேர்ந்து சாப்பிடுகிறாள். வளர்ந்த பிறகு என்னை யாருக்கும் அடையாளம் தெரிவதில்லை. நானும் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பழகிப்போய்விட்டது. போன் இருக்கிற இடத்தில் நான் அழ மாட்டேன். முதலில் அதற்காகப் பாடுபட வேண்டியிருந்தது, உதட்டைக் கடிப்பேன், கையைக் கிள்ளிக்கொள்வேன். பிறகு தானாக வந்துவிட்டது. தொண்டை வரைக்கும் ஏறும், அங்கேயே நின்றுவிடும். போன் இல்லாத இடம் என்று இப்போது எது இருக்கிறது?

போன மாசி மாதம் அப்பா கடையில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். பாலக்கோட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. சித்தப்பா போன் செய்து, "சீக்கிரம் கெளம்பி வா கண்ணு" என்று மட்டும் சொன்னார். நான் வந்து சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டு, அப்பாவை ஐஸ் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நெற்றியில் காசு ஒட்டியிருந்தது. பெட்டியின் தலைமாட்டில் ஒரு ஸ்டாண்டு, அதில் சித்தப்பாவின் போன். லைவ் ஓடிக்கொண்டிருந்தது.

சித்தப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, அதை நிறுத்தச் சொன்னேன். அவருக்குக் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "துபாய்ல இருந்து அவன் எப்படிம்மா வருவான்? மாமன் மொகத்தைக் கடைசியா ஒருக்கா பாக்கணும்னு ஓன்னு அழுவறான். நம்ம குரூப்புல மட்டுந்தான் போட்டிருக்கேன், வேற ஒருத்தரும் பாக்க மாட்டாங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அப்பாவுக்கும் இந்த எண்ணம்தான் இருந்தது. பந்தலில் இன்னும் எத்தனையோ பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

நான் பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்த்தேன். மீசையை யாரோ ஒழுங்காகச் சீவிவிட்டிருந்தார்கள். அவரிடம் சொல்ல வேண்டியது எத்தனையோ இருந்தது, முக்கால்வாசி கோபம்தான். ஊரிலிருந்து வந்த பெண்கள் ஒவ்வொருவராக என்னைக் கட்டிப் பிடித்து, மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். கட்டிப் பிடித்தவள் அழுதால் நாமும் சேர்ந்து அழ வேண்டும், அதுதான் முறை. நான் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. "அந்த மனுஷன் மழையிலயும் வெய்யில்லயும் வண்டியில சொமந்தாரே, இதுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வருதா பாருடி" என்று பின்னால் ஒருத்தி சொல்வது கேட்டது. "படிச்ச பொண்ணு இல்ல? கல்லாட்டம் ஒக்காந்திருக்குது" என்றாள் இன்னொருத்தி. இரண்டும் என் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னார்கள்.

எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த அம்மா தலையைத் தூக்கி அவர்களைப் பார்த்தாள். பிறகு ஸ்டாண்டில் இருந்த போனைப் பார்த்தாள். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கத் தெம்பில்லாமல் கையை ஊன்றி நகர்ந்து என் பக்கம் வந்தாள். தன் முந்தானையை உருவி, என் தலையோடு முகத்தையும் சேர்த்துப் போர்த்தி, தானும் உள்ளே நுழைந்து, என்னை மடியில் அழுத்திக்கொண்டாள். உள்ளே இருட்டாக இருந்தது. மேளச் சத்தம் தூரத்தில் கேட்டது. என் காதுக்குள், "இப்ப அழுவு பாப்பா. யாருக்கும் தெரியாது. அப்பாவுக்காக அழுவு" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். தொண்டை வரைக்கும் வந்தது, நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றும் அதற்கு மேல் வரவில்லை. அம்மா காத்திருந்து பார்த்தாள். பிறகு, எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே அழுதாள்.